கோலி, வெஸ்லி, வெல்லெஸ்லி, வெலிங்டன்: ஒரே வீட்டுக்கு நாலு பெயர்

நீங்கள் கேட்டது மூன்று விஷயம். வாட்டர்லூவில் நெப்போலியனைத் தோற்கடித்த வெலிங்டன் டியூக்கின் குடும்பம் நார்மன் காலத்திலேயே அயர்லாந்துக்கு வந்த குடும்பமா? மெதடிஸ்ட் சபையைத் தொடங்கிய வெஸ்லி சகோதரர்களும் அதே வம்சமா? "தொழுவத்தில் பிறந்தவனெல்லாம் குதிரையாகிவிட மாட்டான்" என்று தான் பிறந்த அயர்லாந்தையே அவர் இளக்காரமாகப் பேசினாரா?

மூன்றாவதை முதலில் முடித்துவிடுகிறேன். அதை வெலிங்டன் சொல்லவில்லை. அவரைக் குத்திக் காட்ட வேறொருவர் சொன்னது. அயர்லாந்துக் கத்தோலிக்கர்களின் தலைவர் டேனியல் ஓ'கானல் 1843இல் பேசிய பேச்சில் வருகிறது அந்த வரி. அயர்லாந்தில் பிறந்துவிட்டதால் மட்டும் அந்தக் கிழவர் நம்மவர் ஆகிவிடுவாரா என்பதுதான் அவர் கேட்டதன் சாரம். காலப்போக்கில் வசனம் கைமாறி, திட்டு வாங்கியவர் வாயிலேயே வந்து உட்கார்ந்துகொண்டது.

முதல் கேள்விக்குப் பதில், பெயர் நார்மன் காலத்தது, ரத்தம் அப்படியல்ல என்பது. ஆங்கிலோ-ஐரிஷ், அதாவது அயர்லாந்தில் குடியேறிய ஆங்கிலேய வழிப் பிரபுக் குடும்பங்களைப் பற்றிப் படிக்கிறவர்கள் வழுக்கி விழுகிற இடமும் இதுதான்.

வெல்லெஸ்லி என்பது இங்கிலாந்தின் சாமர்செட்டில் வெல்ஸ் நகரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஓர் இடத்தின் பெயர். அந்தப் பெயரைத் தாங்கிய குடும்பம் 12ஆம் நூற்றாண்டில், இரண்டாம் ஹென்றி அரசர் அயர்லாந்துக்குப் படையோடு வந்த காலத்தில் வந்தது என்பது பரம்பரைக் கதை. மீத் மாவட்டத்தில் டிரிம் ஊருக்குப் பக்கத்தில் டங்கன், பாய்ன் ஆறு கடலில் சேருமிடத்தில் மார்னிங்டன் ஆகியவை அவர்கள் நிலங்கள். போகப்போகப் பெயர் தேய்ந்து வெஸ்லி ஆயிற்று. 1728இல் அந்தக் குடும்பத்தின் காரெட் வெஸ்லி பிள்ளையில்லாமல் இறந்தார்.

அவருடைய அம்மா கோலி குடும்பத்துப் பெண். அம்மாவின் அண்ணன் தம்பி வழியில் ரிச்சர்ட் கோலி என்று ஒருவர். நம் கணக்கில் காரெட்டுக்குத் தாய்மாமன் மகன். ஆங்கிலத்தில் எல்லாவற்றுக்கும் ஒரே 'கசின்'தான். தமிழில் உறவைச் சொன்னாலே விஷயம் விளங்கிவிடும்: சொத்து பங்காளி பக்கம் போகவில்லை, மாமன் வீட்டுக்குப் போயிற்று. உயிலில் ஒரே நிபந்தனை, சொத்தை எடுத்துக்கொள்கிறவர் வெஸ்லி என்ற பெயரையும் அந்தக் குடும்பச் சின்னத்தையும் சூடிக்கொள்ள வேண்டும். செப்டம்பரில் காரெட் இறந்தார். நவம்பரில் ரிச்சர்ட் கோலி, ரிச்சர்ட் வெஸ்லி ஆகிவிட்டார். இரண்டு மாதம்கூட ஆகவில்லை.

நம் ஜமீன்களில் வாரிசில்லாதபோது சுவீகாரம் எடுப்பார்களே, அதற்கு இது கிட்டத்தட்டச் சமம். ஆனால் தத்துப்பிள்ளை என்ற பேச்சே இங்கே கிடையாது. பெயர் நிலத்தோடு ஒட்டியது. நிலத்தை வாங்கிக்கொள்கிறவர் பெயரையும் சேர்த்து வாங்கிக்கொள்கிறார். அப்பா பெயரின் முதல் எழுத்தை இனிஷியலாகப் போட்டுக்கொள்கிற நமக்கு இது விசித்திரம். அங்கே உயில் எழுதுகிற வக்கீல்களுக்கு அன்றாட வேலை.

ஆக, ஆண்வழியில் பார்த்தால் வெலிங்டன் ஒரு கோலி. கோலி குடும்பம் நார்மன் காலத்தது அல்ல. எட்டாம் ஹென்றி காலத்தில் கில்கென்னி பக்கம் தலையெடுத்த சட்டத்துறைக் குடும்பம், அரசாங்க உத்தியோகத்தில் ஏறி வந்தவர்கள். பெயரைக் கோலி என்றும் கௌலி என்றும் எழுதியிருக்கிறார்கள், அந்தக் காலத்தில் எழுத்துக்கூட்டலை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 16ஆம் நூற்றாண்டில் சர் ஹென்றி கோலிக்குக் கில்டேர் மாவட்டத்தின் கார்பரி கோட்டை கிடைத்தது. அயர்லாந்து வரலாற்றில் நார்மன் காலத்தில் வந்தவர்களைப் 'பழைய ஆங்கிலேயர்' என்றும், டியூடர் ஆட்சியிலும் அதற்குப் பிறகும் வந்தவர்களைப் 'புது ஆங்கிலேயர்' என்றும் பிரிப்பார்கள். இந்தக் குடும்பத்தில் புது ஆங்கிலேய உடம்புக்குப் பழைய ஆங்கிலேயச் சட்டை.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி. சார்லஸ் வெஸ்லி லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தபோது, அயர்லாந்திலிருந்து காரெட் வெஸ்லி என்ற பணக்காரர் படிப்புச் செலவுக்குப் பணம் அனுப்பினார், பையனைத் தன் வாரிசாக்கிக்கொள்ளவும் விரும்பினார், பையன் மறுத்துவிட்டான் என்று மெதடிஸ்டுகள் சொல்லிவருகிறார்கள். நல்லவேளை தப்பித்தான் என்கிற அர்த்தத்தில் அண்ணன் ஜான் பின்னாளில் குறிப்பிட்டதாகவும் சொல்வார்கள். கதை உண்மையாகவே இருந்தாலும் அது பெயர்ப் பொருத்தத்தால் வந்த பாசம்தான். இரண்டு குடும்பமும் ஒரே வேர் என்று காட்ட உறுதியான ஆவணம் கிடையாது. ராயப்பேட்டை வெஸ்லி பள்ளியின் பெயரையும் கோட்டைக்குள் இருக்கும் வெல்லெஸ்லி ஹவுஸின் பெயரையும் ஒரே குடும்பக் கணக்கில் எழுதுவதற்கில்லை.

பெயர் மாற்றிக்கொண்ட ரிச்சர்ட் 1746இல் மார்னிங்டன் பாரன் ஆனார். டங்கனில் பெரிய ஏரி வெட்டி, அதில் படகுகள் விட்டு, விளையாட்டுக் கோட்டையும் கட்டியிருந்தார். 1748இல் அங்கே போன மிசஸ் டிலேனி என்ற சீமாட்டியின் கடிதம் ஒன்று இருக்கிறது. அவருடைய ஞானமகன்தான் ரிச்சர்டின் மகன், இன்னொரு காரெட், அப்போது அவனுக்குப் பதின்மூன்று வயது இருக்கும். கோட்டைக்கு அவன்தான் ஆளுநர், ஏரிக்கு அவன்தான் கடற்படைத் தலைவர். ஞானத்தாயை வரவேற்க எல்லாக் கொடிகளையும் ஏற்றியிருக்கிறான். கோட்டையிலிருந்தும் கப்பலிலிருந்தும் பீரங்கி மரியாதை செய்கிறேன் என்றிருக்கிறான். அந்த அம்மா வேண்டாம் என்றதும் முகம் சுண்டிவிட்டதாம். ஒரு தலைமுறைக்குள் அந்த வீடு எப்படிக் கடனில் மூழ்கியது என்று கேட்பவர்களுக்கு நான் இந்தக் கடிதத்தைத்தான் காட்டுவேன்.

அந்தக் காரெட்டுக்கு சங்கீதம்தான் உயிர். 1760இல் மார்னிங்டன் எர்ல் பட்டம். 1764இல் டப்ளின் டிரினிட்டி கல்லூரியின் முதல் இசைப் பேராசிரியர். தேவாலயங்களில் பாடும் அவருடைய மெட்டு ஒன்று இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. மனைவி ஆன் ஹில்-டிரெவர், டங்கானன் பிரபுவின் மகள். 1781இல் காரெட் இறந்தபோது மூத்த மகன் ரிச்சர்டுக்கு இருபத்தோரு வயதுகூட நிறைந்திருந்ததோ இல்லையோ. தலைமேல் கடன், பின்னால் தம்பிகள்.

இங்கே கொஞ்சம் நின்று, இந்தக் குடும்பங்கள் எந்த விதியில் ஓடின என்று பார்த்துவிடலாம். புராட்டஸ்டன்ட் நிலவுடைமையாளர் வீட்டில் நிலம் முழுதும் மூத்தவனுக்கு. கத்தோலிக்கருக்கோ 1704ஆம் ஆண்டுச் சட்டம் எதிர்மாறாக இருந்தது: நிலத்தை எல்லா மகன்களுக்கும் பங்கு போட்டாக வேண்டும், மூத்தவன் புராட்டஸ்டன்ட் ஆனால் மட்டும் முழுவதும் அவனுக்கு. நம்மைப் போலப் பாகம் பிரித்துப் பழகியவர்களுக்கு அந்தச் சட்டத்தின் விஷம் சட்டென்று புரியும். மூன்று தலைமுறை பாகம் போட்டால் எந்தப் பண்ணையும் வயல்துண்டுகளாகிவிடும். மூத்தவனுக்கே எல்லாம் என்ற வீடுகளிலோ நிலம் சிதறவில்லை, தம்பிகள்தான் சிதறினார்கள். பட்டாளம், தேவாலயம், தூதரகம், இந்தியா.

வெல்லெஸ்லி சகோதரர்கள் இதற்கு அச்சடித்த உதாரணம். மூத்தவர் ரிச்சர்டுக்குப் பட்டம். இரண்டாவது வில்லியம், போல் என்ற உறவினரின் பாலிஃபின் சொத்தைப் பெற்று வெல்லெஸ்லி-போல் ஆனார். தாத்தா செய்ததையே பேரனும் செய்தார். அவர் பின்னாளில் அரசு நாணயச்சாலைத் தலைவராகி, 1816க்குப் பிறகு வந்த வெள்ளிக் காசில் தன் பெயரின் முதல் எழுத்துகளைக் கண்ணுக்குத் தெரியாத அளவில் பொறிக்க விட்டவர். ஜெரால்டு பாதிரியார். கடைசி ஹென்றி தூதர். நடுவில் மந்தமான பிள்ளை ஆர்தர், பின்னாளில் வெலிங்டன் டியூக் ஆனவர். தம்பிகள் படிக்கட்டும் என்று 1784இல் அவரை ஈட்டன் பள்ளியிலிருந்து நிறுத்திவிட்டார்கள். "பீரங்கிக்குத் தீனி, வேறெதற்கும் லாயக்கில்லை" என்று பெற்ற தாயே அலுத்துக்கொண்டதாகச் சொல்வார்கள். அப்பாவின் சங்கீதம் அவருக்கும் ஒட்டியிருந்தது, நன்றாக வயலின் வாசிப்பார். 1793 வாக்கில், இனி ராணுவம்தான் என்று முடிவெடுத்து வயலினை எரித்துவிட்டார்.

ஆர்தர் எப்போது பிறந்தார் என்பதே தகராறு. அம்மா சொன்னது 1769 மே 1. அவரும் ஆயுசு முழுக்க அன்றுதான் பிறந்தநாள் கொண்டாடினார். டப்ளின் செயின்ட் பீட்டர்ஸ் தேவாலயப் பதிவேட்டிலோ ஏப்ரல் 30 அன்றே ஞானஸ்நானம் ஆகிவிட்டதாக இருக்கிறது. பிறப்பதற்கு முதல்நாள் ஞானஸ்நானம்! ஏப்ரல் 29 என்று இப்போது பலர் எழுதுவது இந்தச் சிக்கலைத் தவிர்க்கத்தான். பிறந்த இடத்துக்கும் போட்டி உண்டு: டங்கன் மாளிகையா, டப்ளின் மெரியன் வீதியில் இருந்த மார்னிங்டன் ஹவுஸா? மெரியன் வீதிக்குத்தான் கூடுதல் ஆதரவு. அந்த வீடு இப்போது ஓட்டல்.

இனி பெயர் திரும்பவும் மாறிய கதை. வெஸ்லி என்பது பட்டிக்காட்டுத்தனமாக இருக்கிறது, வெல்லெஸ்லி என்றால் பழமையாக ஒலிக்கிறது என்று நினைத்தாரோ என்னவோ, ரிச்சர்ட் 1789 வாக்கில் பழைய வடிவத்துக்குத் திரும்பினார். ஆர்தர் அவசரப்படவில்லை. கையெழுத்தை வெஸ்லியிலிருந்து வெல்லெஸ்லி என்று மாற்றியது 1798 மே மாதம், இந்தியாவில், அண்ணன் கவர்னர் ஜெனரலாக வந்து இறங்கிய சமயத்தில். நம் சரித்திரப் புத்தகத்தில் வருகிற 'வெல்லெஸ்லி' என்ற பெயர் அவர் விஷயத்தில் இங்கேதான் பிறந்தது.

அண்ணன் இங்கே செய்ததை நீங்கள் பாடத்தில் படித்திருப்பீர்கள். 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்து திப்பு சாய்ந்தார். அதே ஆண்டு தஞ்சாவூர் நிர்வாகம் சரபோஜியிடமிருந்து கம்பெனிக்குப் போனது, கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். 1801இல் ஆற்காட்டு நவாப்பின் கர்நாடகப் பகுதியும் கம்பெனி கைக்கு வந்தது. இரண்டே வருடத்தில் சென்னை ராஜதானியின் வரைபடம் போட்டாயிற்று. இதற்கெல்லாம் ரிச்சர்டுக்குக் கிடைத்தது மார்க்விஸ் பட்டம், ஆனால் அயர்லாந்துப் பட்டியலில். அவர் கொதித்துப்போனார். 'இரட்டை முலாம் பூசிய உருளைக்கிழங்கு' என்று அந்தப் பட்டத்துக்குப் பேர் வைத்தார்.

உருளைக்கிழங்கு ஏன் என்றால், அயர்லாந்துப் பட்டம் மட்டும் வைத்திருப்பவருக்கு லண்டன் பிரபுக்கள் சபையில் பிறப்புரிமையாக இடம் கிடையாது. ரிச்சர்டே மார்னிங்டன் எர்லாக இருந்துகொண்டு பிரிட்டிஷ் மக்கள் சபையில் உறுப்பினராக இருந்தவர்தான். இந்தப் பட்டங்களை லண்டன் தாராளமாக வாரி வழங்கியது. வாங்கியவர்களுக்கோ அது இரண்டாம் தர நகை.

வெலிங்டன் என்ற பெயர் வந்தது இதைவிட வேடிக்கை. 1809இல் ஸ்பெயினில் ஜெயித்த ஆர்தருக்குப் பட்டம் தருவதென்று முடிவாயிற்று. அவரோ போர்க்களத்தில். என்ன பெயர் என்று கேட்டு எழுதிப் பதில் வரக் காத்திருக்க நேரமில்லை. அண்ணன் வில்லியம் சாமர்செட்டில் வெல்லெஸ்லி இருந்த இடத்துக்குத் தோதாக ஓர் ஊரைத் தேடி, வெலிங்டன் என்பதைப் பிடித்தார். ஓசையும் பொருந்துகிறது, மாவட்டமும் பொருந்துகிறது. ஆர்தருக்குத் திருப்தி. அந்தச் செப்டம்பரில் ஒரு கடிதத்தில் புதுப் பெயரில் கையெழுத்துப் போட்டுவிட்டு, இப்படிப் போடுவது இதுதான் முதல் தடவை என்று குறிப்பும் எழுதினார். மனைவி கிட்டிக்குத்தான் பிடிக்கவில்லை. அந்தப் பெயர் எதையும் நினைவூட்டவில்லை என்று நாட்குறிப்பில் எழுதிவைத்தார். என் கட்சி கிட்டி பக்கம்தான். இன்று அந்தப் பெயர் நியூசிலாந்தின் தலைநகருக்கு இருக்கிறது, குன்னூருக்குப் பக்கத்து ராணுவ முகாமுக்கும் இருக்கிறது. குன்னூர் முகாமின் பழைய பெயர் ஜெகதளா, 1860இல்தான் வெலிங்டன் ஆனது.

கிட்டி லாங்ஃபோர்டு எர்ல்களின் பாக்கன்ஹாம் குடும்பத்துப் பெண், இவர்களைப் போலவே ஆங்கிலோ-ஐரிஷ். முதலில் ஆர்தர் பெண் கேட்டபோது கிட்டியின் தம்பி மறுத்துவிட்டார். மூன்றாவது மகன், கையில் காசில்லை, பெண் கொடுப்பார்களா? இந்தியாவில் பேரும் பணமும் சேர்த்துத் திரும்பியதும் ஆர்தர் மறுபடி கேட்டார், நேரில் பார்க்காமலே கடிதத்தில். 1806 ஏப்ரலில் டப்ளினில் திருமணம். நடத்திவைத்தவர் தம்பி பாதிரியார் ஜெரால்டு. பத்துப் பன்னிரண்டு வருடம் கழித்து மணப்பெண்ணைப் பார்த்ததும் தம்பி காதில் மாப்பிள்ளை கிசுகிசுத்ததாகச் சொல்லப்படுவது மரியாதையான வார்த்தை அல்ல, விட்டுவிடுகிறேன். அந்தக் கல்யாணம் இருவருக்கும் சுகப்படவில்லை.

கடைசித் தம்பி ஹென்றியின் மனைவி ஷார்லட் 1809இல் ஹென்றி பேஜட் என்ற குதிரைப்படைத் தளபதியோடு ஓடிப்போனார். ஆறு வருடம் கழித்து வாட்டர்லூவில் வெலிங்டனின் குதிரைப்படையை நடத்தி ஒரு காலை இழந்தவர் அதே பேஜட். தம்பி மனைவியைக் கூட்டிப்போனவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நெப்போலியனைத் தோற்கடிக்க வேண்டியிருந்தது.

இனி பட்டங்கள் எங்கே போய்ச் சேர்ந்தன என்று பார்ப்போம். ரிச்சர்டுக்கு ஹயசிந்த் ரோலண்ட் என்ற பிரெஞ்சுக்காரப் பெண்ணிடம் ஐந்து பிள்ளைகள். 1794இல்தான் முறைப்படி மணந்துகொண்டார். பிள்ளைகள் எல்லாரும் அதற்கு முன்பே பிறந்தவர்கள், அதனால் ஒருவருக்கும் பட்டத்தில் உரிமையில்லை. 1842இல் ரிச்சர்ட் இறந்ததும் மார்க்விஸ் பட்டம் அவரோடு போயிற்று. மார்னிங்டன் எர்ல் பட்டம் தம்பி வில்லியமுக்கு வந்தது. வில்லியமின் மகன் 1812இல் கேத்தரின் டில்னி-லாங் என்ற பெரும் பணக்காரப் பெண்ணைக் கட்டி, லண்டனுக்குப் பக்கத்தில் இருந்த வான்ஸ்டட் மாளிகையை அடைந்து, பத்தே வருடத்தில் சாமான்களை ஏலத்தில் விட்டு, கட்டடத்தையும் இடிக்கவிட்டார். கடைசிக் காலத்தில் சித்தப்பா மகனான இரண்டாம் வெலிங்டன் டியூக் வாரம் 10 பவுண்டு கொடுத்ததில் வயிறு கழுவினார். 1857இல் செத்தபோது பத்திரிகை ஒன்று, ஒரு நல்ல குணம்கூட இல்லாத மனிதர் என்றே எழுதிவிட்டது. அவர் மகன் மணமாகாமல் 1863இல் இறக்க, மார்னிங்டன் பட்டமும் வெலிங்டன் டியூக்குகளிடம் போய்ச் சேர்ந்தது.

சட்டம் ஒதுக்கிய ரிச்சர்டின் பிள்ளைகளில் ஆன் என்ற மகள் முதல் கணவரை விட்டு சார்லஸ் பென்டிங்க் பிரபுவோடு போய், விவாகரத்துக்குப் பிறகு 1816இல் அவரையே மணந்தார். அவர்கள் மகன் ஒரு பாதிரியார். பாதிரியாரின் மகள் செசிலியா. செசிலியாவின் மகள் எலிசபெத் போவ்ஸ்-லையன், ஆறாம் ஜார்ஜ் மன்னரின் ராணி. அவர் மகள்தான் இரண்டாம் எலிசபெத். மார்னிங்டன் பட்டத்துக்குக்கூடத் தகுதியில்லை என்று தள்ளப்பட்ட கிளை இன்று மூன்றாம் சார்லஸாகச் சிம்மாசனத்தில் உட்கார்ந்திருக்கிறது. பட்டத்து அட்டவணையை மட்டும் பார்த்துக் குடும்ப மரம் வரைகிறவர்கள் இந்தக் கிளையை வெட்டிவிடுவார்கள்.

நீங்களே அயர்லாந்துக் குடும்பங்களைத் தேடப்போகிறீர்கள் என்றால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். 1922 ஜூன் 30 அன்று உள்நாட்டுப் போரில் டப்ளின் ஃபோர் கோர்ட்ஸ் வளாகத்தில் இருந்த ஆவணக் காப்பகம் வெடித்து எரிந்தது. நூற்றாண்டுக் கணக்கில் சேர்ந்த உயில்களும் ஏராளமான தேவாலயப் பதிவேடுகளும் சாம்பல். தப்பியது 1708இல் தொடங்கிய பத்திரப் பதிவு அலுவலகம், அது வேறு கட்டடத்தில் இருந்தது. அதனால் நிலம் வைத்திருந்தவர்களின் தடம் ஓரளவு கிடைக்கும், அவர்கள் நிலத்தில் உழுதவர்களின் தடம் கிடைப்பது குதிரைக்கொம்பு. பிரபுக் குடும்பங்களின் வம்சாவளி இவ்வளவு துல்லியமாகக் கிடைப்பதைப் பார்த்து மற்றவர்களுக்கு வரலாறே இல்லை என்று எண்ணிவிடக் கூடாது.

டங்கன் மாளிகையை ரிச்சர்ட் 1790களில் விற்றுவிட்டார். பிறகு ரோஜர் ஓ'கானர் என்ற ஐரிஷ் கலகக்காரர் கைக்கு அது வந்தது. காப்பீடு எடுத்த கையோடு 1809இல் தீப்பிடித்து எரிந்ததைப் பற்றி ஊரில் பேசாதவர்கள் இல்லை. பீரங்கி வெடிக்க ஆசைப்பட்ட பையன் வளர்ந்த வீடு இப்போது கூரையில்லாத மொட்டைச் சுவர். தூதர் ஹென்றிக்கு 1828இல் தனிப் பட்டம் தந்தபோது அவர் எடுத்துக்கொண்ட பெயர் கௌலி, நூறு வருடத்துக்கு முன் தாத்தா உதறிய அதே பெயர். 1857இல் ஹென்றியின் மகன் கௌலி எர்ல் ஆனபோது கூடவே இன்னொரு பட்டமும் சேர்ந்து வந்தது. கௌலி எர்லின் மூத்த மகனை அதனால் இன்றைக்கும் டங்கன் வைகவுன்ட் என்றுதான் அழைக்கிறார்கள்.